செங்கல் முகம், ஓக் உடம்பு: இங்கிலாந்தின் பழைய பண்ணை வீட்டைப் படிப்பது எப்படி

கென்ட், சஃபோக், எசெக்ஸ், ஹெர்ஃபோர்ட்ஷயர் என்று இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் எந்தப் பக்கம் போனாலும் சாலையோரமாக இப்படி ஒரு பண்ணை வீடு கண்ணில் படும். சிவப்புச் செங்கல் முகப்பு, நடுவில் கதவு, இரண்டு பக்கமும் கணக்காக வைத்த ஜன்னல்கள். பார்த்தவுடன் '18ஆம் நூற்றாண்டு வீடு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் செங்கல் திடீரென்று நின்றுபோய், சாம்பல் நிறத்தில் வெடிப்பு விழுந்த ஓக் தூண் ஒன்று மூலையில் எட்டிப் பார்க்கும். பரணில் ஏறினால் 1450 வாக்கில் கூடத்தின் நடுவே எரிந்த அடுப்பின் கரி இன்னும் கைமரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். முகப்புக்கும் உடம்புக்கும் முந்நூறு வருட இடைவெளி.

அதனால் 'இந்த வீட்டுக்கு எத்தனை வயது?' என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். இந்தச் சுவருக்கு எத்தனை, இந்தக் கூரைக்கு எத்தனை, இந்தப் புகைபோக்கிக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த வீடுகளை ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டவில்லை. விளைச்சல் நன்றாக இருந்த காலத்தில் ஒரு தலைமுறை மாடி போட்டது, இன்னொரு தலைமுறை புகைபோக்கி வைத்தது, அப்புறம் வந்தவர்கள் ஊர் பார்க்க முகப்பை மட்டும் செங்கல்லால் மூடினார்கள். மரமும் செங்கல்லும் ஒரே வீட்டில் எந்த வரிசையில் வந்து சேர்ந்தன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

போவதற்கு முன்னால்

சட்டப் பாதுகாப்புள்ள பழைய கட்டடங்களின் தேசியப் பாரம்பரியப் பட்டியலை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டின் பெயரையோ ஊரையோ போட்டுத் தேடினால் அதன் பதிவு கிடைக்கும். 1700க்கு முன் கட்டப்பட்டு, பழைய பாகங்கள் ஓரளவு மிஞ்சியிருக்கும் வீடு என்றால் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். பதிவைப் படியுங்கள், ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பதிவுகள் பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியே நின்று பார்த்து எழுதப்பட்டவை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவற்றில் ஒரு வார்த்தைகூட இருக்காது.

கையில் அளவு நாடா, நோட்டு, பென்சில், ஒரு நல்ல டார்ச். இதில் டார்ச்தான் முக்கியம். மரத்துக்கு நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது; மரத்தை ஒட்டிப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒளி ஓடும்படி பிடித்தால், தச்சர் கீறிய குறிகளும் உளி தடங்களும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். வீடு அடுத்தவருடையது என்றால் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் எதையும் சுரண்டாதீர்கள்.

முதலில் புகைபோக்கியைப் பாருங்கள்

எல்லோரும் கதவையும் ஜன்னலையும் பார்ப்பார்கள். அவை எளிதில் மாறக்கூடியவை. பல டன் எடையுள்ள செங்கல் புகைபோக்கியை நகர்த்துவது லேசான காரியமில்லை, அதனால் அது எங்கே நிற்கிறது என்பதை வைத்தே வீட்டின் உள் அமைப்பில் பாதியைச் சொல்லிவிடலாம்.

புகைபோக்கி கூரையின் நடுவாக்கில் நின்று, அதற்கு நேர் கீழே முன்கதவு இருந்தால், கதவைத் திறந்ததும் ஒரு சின்ன முன்னறை, எதிரே புகைபோக்கியின் பக்கச் சுவர், இடமும் வலமும் ஒவ்வொரு அறை என்ற அமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை 'லாபி என்ட்ரி' என்பார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டிலும் பரவலாக வந்தது. கதவு ஒரு ஓரமாகத் தள்ளி, அதற்கு நேராகப் பின்சுவரிலும் ஒரு கதவோ அடைத்த கதவின் தடமோ இருந்தால், வீட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் பழைய நடை அது. நடுவே பெரிய கூடம் வைத்துக் கட்டிய நடுக்காலத்து வீட்டின் எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கையோடு தேடலாம். இரண்டு கோடிச் சுவர்களிலும் ஒவ்வொரு புகைபோக்கி என்றால், அந்த அமைப்பு பெரும்பாலும் பிந்தைய காலத்தது.

அப்புறம் கூரையின் சாய்வு. வைக்கோலோ நாணலோ வேய்ந்த கூரை தண்ணீரை வேகமாக வடிக்க வேண்டும் என்பதால் 50 டிகிரியை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும். கால்வாயும் ரயிலும் வந்து வேல்ஸ் நாட்டு ஸ்லேட் கல் மலிந்த பிறகு கட்டிய கூரைகள் தட்டையாக இருக்கும். இன்று மேலே ஓடு இருந்தாலும், சாய்வு செங்குத்தாக இருந்தால் சந்தேகப்படுங்கள். செங்குத்துக் கூரைக்குக் கீழே 18ஆம் நூற்றாண்டின் சமச்சீரான ஜார்ஜியன் பாணி முகப்பு இருக்கிறதென்றால், முகப்பு பிறகு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

செங்கல் சொல்லும் வயது

செங்கல்லின் நீளத்தைவிடக் கனம்தான் பேசும். ட்யூடர் அரசர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டுச் செங்கல் மெல்லியது, 2 முதல் 2¼ அங்குலம். 1571ல் லண்டன் கூரை ஓடு வேய்பவர்கள், கொத்தர்கள் சங்கத்தின் சாசனம் 9 க்கு 4¼ க்கு 2¼ அங்குலம் என்று அளவு வைத்தது. காலம் போகப்போக மெதுவாகக் கனம் ஏறியது. 1784ல் அரசாங்கம் செங்கல்லுக்கு வரி போட்டது, ஆயிரத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். எண்ணிக்கைக்குத்தான் வரி, அளவுக்கு இல்லை. அதனால் சிலர் செங்கல்லையே பெரிதாக்கிவிட்டார்கள். மீஷம் ஊரில் ஜோசப் வில்க்ஸ் செய்த பெரிய செங்கற்கள் அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் இன்றும் இருக்கின்றன. 1803ல் பெரிய செங்கல்லுக்கு இரட்டை வரி வந்து அந்த வழி அடைபட்டது, 1850ல் வரியே போய்விட்டது.

ஒரு செங்கல்லை மட்டும் அளக்காதீர்கள், கைச்செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நான்கு வரிசைகளையும் அவற்றின் சாந்தையும் சேர்த்து, சுவரில் மூன்று நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். 11 அங்குலமோ அதற்குக் குறைவோ வந்தால் பழசாக இருக்கலாம், 13ஐ ஒட்டி வந்தால் 19ஆம் நூற்றாண்டை நினைத்துப் பார்க்கலாம். இதுவும் ஊருக்கு ஊர் மாறும். இடிந்த வீட்டின் செங்கல்லை எடுத்து அடுத்த வீட்டைக் கட்டியவர்கள் ஏராளம், ஆகவே செங்கல்லின் வயதும் சுவரின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது அடுக்கிய முறை. ஒரு வரிசை முழுக்க நீளவாக்குச் செங்கல், அடுத்த வரிசை முழுக்கத் தலைவாக்கு என்று மாறி மாறி வந்தால் இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரிசைக்குள் நீளம், தலை, நீளம், தலை என்று வந்தால் ஃபிளெமிஷ் பாண்ட். இங்கிலாந்தில் ஃபிளெமிஷ் பாண்டுக்கு ஆரம்பகால உதாரணம் என்று 1631ல் கட்டிய கியூ அரண்மனையைச் சொல்வார்கள். பண்ணை வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. முன்சுவர் ஃபிளெமிஷ், பக்கச்சுவர் வேறு அடுக்கு என்றால் காசை எங்கே செலவழித்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. வெறும் நீளவாக்குச் செங்கல்லாகவே ஓடினால், அது நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய அண்மைக்காலச் சுவர் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

இப்போது சுவரின் மூலைக்குப் போங்கள். செங்கல் முகப்பு என்பது பல வீடுகளில் பழைய மரச்சட்டத்துக்கு முன்னால் எழுப்பிய ஒரு திரை. மூலையில் ஓரிரு அடி திரும்பிவிட்டு நின்றுவிடும், அதற்கப்புறம் காரை பூசிய மரச்சுவர் தொடரும். கென்ட்டிலும் சஸ்ஸெக்ஸிலும் இன்னொரு வித்தையும் உண்டு. 'மேத்தமேட்டிக்கல் டைல்' என்ற ஓடுகளை மரச்சுவரில் அடுக்கி ஆணியடித்து, பார்த்தால் செங்கல் சுவர் போலவே தெரியும்படி செய்துவிடுவார்கள். மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் மட்டும்தான் அது மாட்டிக்கொள்ளும், அங்கே செங்கல் சரியாகத் திரும்பாமல் ஒரு மரப்பட்டி மறைத்துக்கொண்டு நிற்கும்.

மாடி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் அமைப்புக்கு ஜெட்டி என்று பெயர். பிற்காலத்தில் அந்தத் துருத்தலுக்குக் கீழே செங்கல் சுவர் எழுப்பி முகப்பைச் சமமாக்கிவிட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போய்க் கீழ்த்தளத்து உத்தரங்களைப் பாருங்கள்: முன்சுவரிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி நீளமாக ஒரு பெரிய மரம் ஓடி, அதன் அடியில் தூணோ சட்டங்களோ இருந்த துளைகள் வரிசையாகத் தெரிந்தால், பழைய வெளிச்சுவர் நின்ற இடம் அதுதான்.

ஜன்னல் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் ஜன்னல் வரி என்று சொல்வது எல்லோருக்கும் பழக்கம். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் முகப்பு சமச்சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, உள்ளே புகைபோக்கி ஓடும் இடத்தில் வெறும் ஜன்னல் வடிவத்தை மட்டும் கட்டிவைத்தவையும் நிறைய. உள்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மரச்சட்டத்தைப் படிப்பது

எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். இந்த வீடுகளின் ஓக் மரம் வெட்டிய சூட்டோடு, ஈரம் காயாமல் வேலைக்கு எடுக்கப்பட்டது. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, பச்சையாக இருக்கும்போதுதான் உளி இறங்கும். தச்சர்கள் சட்டங்களைத் தரையில் படுக்கவைத்து, ஒன்றின் துளையில் மற்றதன் கழுந்து உட்காரும்படி செதுக்கி, இரண்டையும் ஊடுருவி மரமுளை அடித்தார்கள். முளைக்கான துளையைக் கழுந்தில் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். காய்ந்த ஓக்கில் பிளந்தெடுத்த முளையை அடித்து இறக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கிவிடும். மரம் காயக் காயச் சட்டம் முறுக்கிக்கொண்டு வளையும், ஆனால் மூட்டு விடாது. இந்த வீடுகள் கோணலாக நிற்பதற்குப் பெரும் காரணம் இதுதான். அந்தக் கோணல் பல வீடுகளில் கட்டிய முதல் சில பத்தாண்டுகளிலேயே வந்து நின்றுவிட்ட ஒன்று.

பக்கவாட்டு டார்ச்சை இப்போது மூட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். I, II, III, IIII என்று உளியால் வெட்டிய ரோமன் எண்கள் தெரியும். நான்கை IV என்று எழுத மாட்டார்கள், நான்கு கோடுதான். தூணில் VI இருந்தால் அதில் சேரும் சாய்வுச் சட்டத்திலும் VI இருக்கும். பட்டறைக் களத்தில் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிரித்து, வண்டியில் ஏற்றி, வீட்டு மனையில் திரும்பச் சேர்க்கும்போது குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த எண்களை வரிசையாக நோட்டில் எழுதிவாருங்கள். II, III, IIII என்று போய்ச் சட்டென்று நின்றாலோ, I இல்லாமல் II லிருந்து தொடங்கினாலோ, அந்தக் கோடியில் வீட்டின் ஒரு பகுதி இடிக்கப்பட்டிருக்கலாம். முளைகள் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தின் நல்ல முகம் அந்தப் பக்கம், அதாவது வெளிச்சுவரானால் தெருப்பக்கம், உள்சுவரானால் மதிப்பான அறையின் பக்கம்.

சட்டங்களின் நெருக்கம் ஊரையும் செல்வத்தையும் காட்டும். கிழக்கே சஃபோக், எசெக்ஸ் பக்கம் செங்குத்துச் சட்டங்களை நெருக்கமாக, அவற்றின் அகலமே இடைவெளியாக நிறுத்துவது ஒரு பெருமை. இவ்வளவு மரம் சுவரைத் தாங்கத் தேவையே இல்லை, பார்ப்பவர்களுக்காகத்தான். மேற்கே ஹெர்ஃபோர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர் பக்கம் சதுரக் கட்டங்கள். அங்கேயே 'கிரக்' வீடுகளையும் பார்க்கலாம்: வளைந்த பெரிய மரத்தை நடுவாகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் தரையிலிருந்து கூரை முகடு வரை கவை போலச் சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். கிழக்கு ஆங்கிலியாவிலும் கென்ட்டிலும் கிரக்கைத் தேடி அலைய வேண்டாம், கிடைக்காது.

உத்தரங்களை நீளவாக்கில் ஒட்டிய மூட்டும் காலத்தைச் சொல்லும். எசெக்ஸ் கட்டடங்களில் செசில் ஹியூவெட் என்பவர் இந்த மூட்டுகளையெல்லாம் வரைந்து வகைப்படுத்திய பிறகுதான் இந்தப் படிப்பு வேகம் பிடித்தது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். தளத்து மரங்களை மட்டும் நினைவில் வையுங்கள்: நடுக்காலத்தில் அகலமான மரங்களைப் படுக்கைவாட்டில் போட்டார்கள், பிறகு வந்தவர்கள்தான் உயரவாட்டில் நிறுத்தினால் பலம் அதிகம் என்று அப்படிப் போட்டார்கள். ஒரே வீட்டில் ஓர் அறையில் படுக்கையாகவும் அடுத்த அறையில் நிமிர்ந்தும் இருந்தால் இரண்டு காலம் என்று எழுதிக்கொள்ளலாம்.

இனி வெறுமையாகக் கிடக்கும் துளைகள். 'இதெல்லாம் பழைய கப்பல் மரம், அதனால்தான் இத்தனை ஓட்டை' என்று வீட்டுக்காரர்களே சொல்வார்கள், கடலிலிருந்து அறுபது மைல் உள்ளே இருக்கும் ஊரில்கூடச் சொல்வார்கள். கிட்டத்தட்ட எப்போதுமே அது தவறு. அந்தத் துளைகளில் ஒரு காலத்தில் ஒரு தடுப்புச் சுவரோ சாய்வுச் சட்டமோ ஜன்னலோ இருந்தது. உத்தரத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு அடிக்கு ஒன்றாகச் சின்ன வட்டத் துளைகள் இருந்து, நேர் கீழே உள்ள சட்டத்தின் மேல்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடினால், அது வரிச்சல் படல் சுவர். ஓக் குச்சியின் மேல்நுனியைத் துளையில் செருகி, கீழ்நுனியைப் பள்ளத்தில் தட்டி நிறுத்தி, குறுக்கே ஹேசல் கம்புகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பிய சுவர். இன்று அந்தக் கட்டத்தில் மீன்முள் போலச் சாய்த்து அடுக்கிய செங்கல் இருந்தால், படலை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. துளைகள் வட்டமாக இல்லாமல் வைரம்போல மூலைவாட்டில் சதுரமாக இருந்தால் இன்னும் நல்லது. அது கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னல். மூலைவாட்டில் நிறுத்திய மரக்கம்பிகள் மட்டும்தான் இருந்திருக்கும், பக்கத்தில் பலகைக் கதவு தள்ளிய பள்ளமும் தென்படும்.

பரணில் ஏறாமல் திரும்பாதீர்கள்

நடுக்காலத்துப் பண்ணை வீட்டின் நடுவே தரையிலிருந்து கூரை வரை திறந்த ஒரு கூடம். தரை நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது, புகை மேலே ஏறிக் கூரை வழியாகக் கசிந்து போகும். ஒரு பக்கம் எஜமானர் மேசை போட்டு உட்காரும் மேல்முனை, அதற்கு அப்பால் அவருடைய உள்ளறை. இன்னொரு பக்கம் குறுக்கு நடை, அதற்கு அப்பால் சரக்கு வைக்கும் இரண்டு சின்ன அறைகள். இந்த வரிசை இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மாறவே மாறாது.

சஃபோக்கில் ஒரு வீட்டில், கீழே எல்லா அறையும் வெள்ளையடித்து, தட்டையான மேற்கூரை போட்டு, பழசு என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் இருந்தது. படுக்கையறைக் கப்போர்டுக்கு மேலே இருந்த சின்னக் கதவு வழியாகத் தலையை நீட்டி டார்ச் அடித்தேன். நடுவில் இருந்த கைமரங்கள் ஏழெட்டு ஜோடி மட்டும் தார் பூசியது போல மினுமினுக்கும் கறுப்பு, இரண்டு பக்கமும் இருந்தவை வெறும் மரநிறம். தொட்ட விரலில் கரி வந்தது. அந்தக் கறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் பழைய கூடத்தின் நீளம். கீழே வந்து அடியெடுத்து அளந்தால், இப்போது இரண்டு அறையாக இருக்கும் இடம் முழுக்க ஒரே கூடமாக இருந்திருக்கிறது. இன்றுவரை எனக்கு அந்தக் கறுப்பு கண்ணிலேயே நிற்கிறது.

கரியைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மரத்தின் எல்லா முகங்களிலும் ஒரே சீராகக் கறுத்திருக்க வேண்டும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் மட்டும் திட்டாகக் கறுத்திருந்தால் அது விரிசலில் கசிந்த புகை. ஒரே ஒரு மரம் கறுத்து அக்கம்பக்கம் சுத்தமாக இருந்தால், வேறெங்கோ இருந்த கூரையின் மரத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். குறுக்கு உத்தரத்தின் நடுவில் ஒற்றைத் தூண் நின்று, அதிலிருந்து சாய்வுச் சட்டங்கள் கிளைவிட்டால் அதற்கு கிரவுன் போஸ்ட் என்று பெயர், தென்கிழக்கில் நடுக்காலக் கூரைக்கு நல்ல அடையாளம்.

16ஆம் நூற்றாண்டில் இந்தக் கூடங்கள் மாறத் தொடங்கின. எசெக்ஸில் ராட்விண்டர் ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் கண்ட மூன்று மாற்றங்களில் முதலாவதாகப் புதிதாக எழும்பிய ஏராளமான புகைபோக்கிகளைச் சொன்னதாக 1577ல் பதிவு செய்திருக்கிறார். சில வீடுகளில் முதலில் கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் தடுத்துப் புகைக்கு ஒதுக்கினார்கள், பிறகுதான் செங்கல் புகைபோக்கி வந்தது. புகை அடங்கியதும் கூடத்தின் நடு உயரத்தில் தளம் போட்டு மாடியாக்கினார்கள். அப்படி இடையில் செருகிய தளத்தைக் கண்டுபிடிப்பது எளிது: அதன் பெரிய உத்தரம் வீட்டிலேயே அழகாக இழைத்ததாக இருக்கும், விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி முனையில் ஆட்டுக்குட்டி நாக்குபோல வளைவு கொடுத்திருப்பார்கள், ஆனால் சுவரின் தூண்களோடு அது சேரும் இடம் மட்டும் ஒட்டுப்போட்டது மாதிரி அரைகுறையாக இருக்கும். 1570க்கும் 1640க்கும் இடையே கிராமத்து வீடுகள் கூட்டம் கூட்டமாக இப்படிப் புதுப்பிக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953ல் வாதிட்டார். அந்தத் தேதிகள் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னாலும், தென்கிழக்கில் வேலை செய்ய அது நல்ல கைவிளக்கு.

அடுப்புக்கு மேலே இருக்கும் பெரிய மரத்தையும் விடாதீர்கள். கவராயத்தால் கீறிய ஆறு இதழ்ப் பூ, கண்ணீர்த்துளி வடிவத்தில் வேண்டுமென்றே சுட்ட தழும்பு இவையெல்லாம் வீட்டுக்குள் கெட்டது வராமல் இருக்கச் செய்த காப்பு அடையாளங்கள் என்று கருதப்படுகின்றன. புகைபோக்கி, கதவு, ஜன்னல், அதாவது வெளியிலிருந்து எதுவும் நுழையக்கூடிய இடங்களில்தான் இவை அதிகம்.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

படிப்பது மட்டுமில்லாமல் வாங்கும் எண்ணமும் இருந்தால் தரையிலிருந்து பாருங்கள். மரச்சுவர் முழுக்க ஒரு அடிச்சட்டத்தின் மேல் நிற்கிறது, அந்த அடிச்சட்டம் செங்கல்லோ கல்லோ கட்டிய தாழ்ந்த மேடையின் மேல் இருக்கிறது. பல நூறு வருடத்தில் வெளியே மண்ணும் பாதையும் உயர்ந்து அந்த மேடை புதைந்துபோயிருந்தால், அடிச்சட்டம் ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய எதிரி சிமென்ட். பழைய சுவர் நனைந்து, நனைந்தது காய்ந்து, அப்படியே மூச்சுவிட்டு வாழ்வது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், மரம் அசைந்தால் கூடவே கொஞ்சம் அசைந்துகொடுக்கும். சிமென்ட் பூச்சு விறைப்பானது. மரத்தை ஒட்டி மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே உள்ளே போன மழை வெளியே வர வழியில்லாமல் ஓக்கை அழுகவைக்கும். வெளியே பளிச்சென்று வழவழப்பாக இருக்கும் வீட்டின் சட்டம்தான் உள்ளே பஞ்சாகப் போயிருக்கும், இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதறுகிறது. செங்கல்லுக்கும் இதே கதி: மென்மையான பழைய செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் சாந்து அடைத்தால், ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி, பனியில் உறைந்து, முகம் முகமாக உரிந்து விழும்.

மரத்தை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள், கணீரென்று வந்தால் நல்லது. 3 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளைகள் இருந்தால் டெத்வாட்ச் வண்டின் வேலை. ஈரம் உள்ள ஓக்கைத்தான் அது விரும்பும், அதனால் மருந்துக்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வெளிமரத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்து வெள்ளைக் கட்டங்கள் விடும் பழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. தென்கிழக்கில் பல வீடுகளில் மரம் சாம்பல் நிறமாக அப்படியே விடப்பட்டது, அல்லது மரம் காரை இரண்டின் மேலும் சுண்ணாம்பு அடித்தார்கள். அதற்காகக் கறுப்பைப் போக்க மணல் வீசித் தேய்க்க மட்டும் விடாதீர்கள், நீங்கள் தேடிப்போன தச்சர் குறிகளும் காப்புக் குறிகளும் ஒரே மதியத்தில் போய்விடும்.

பட்டியலில் உள்ள வீடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இரண்டாம் தரம், அதாவது 'கிரேடு II'. இரண்டாம் தரம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளே செய்வதற்கும்கூட, உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், வாங்காமல் செய்தால் குற்றம். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் ஆலோசனை தருகிறது. கெட்ட பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து அதே ஓக்கில் ஒட்டுப்போடு, நல்லதைத் தொடாதே என்பதுதான் அவர்கள் வழி.

கடைசியாகக் காகிதமும் மரவளையமும்

வீட்டைப் பார்த்த பிறகு மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள், முன்னால் போகாதீர்கள், கண் ஒருசாய்ந்துவிடும். இறந்தவரின் சொத்தை அறை அறையாக எழுதிய பட்டியல்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்கு நிறைய உண்டு. கூடம், உள்ளறை, கூடத்துக்கு மேல் அறை என்று பெயர்கள் வரும். 'கூடத்துக்கு மேல் அறை' என்று ஒரு வரி கிடைத்தால், அதற்குள் தளம் செருகியாகிவிட்டது என்று தெரிகிறது. 1662 முதல் 1689 வரை இருந்த அடுப்பு வரியின் பதிவுகளில் வீட்டுக்காரர் பெயரும் அடுப்புகளின் எண்ணிக்கையும் இருக்கும். திருச்சபைக்குச் சேர வேண்டிய தசமபாகத்தைக் கணக்கிட 1836க்குப் பிறகு வரைந்த வரைபடங்களில் வீட்டின் உருவமே கிடைக்கும். கதவுக்கு மேல் செதுக்கிய வருடத்தை மட்டும் உடனே நம்பாதீர்கள், அது பழுதுபார்த்த வருடமாகவோ கல்யாண வருடமாகவோ இருக்கலாம்.

மரவளையத்தை வைத்துத் தேதி சொல்பவர்கள் உத்தரத்தில் பென்சில் கனத்துக்குத் துளையிட்டு மாதிரி எடுப்பார்கள். மரப்பட்டை ஒட்டிய விளிம்பு மிஞ்சியிருந்தால் வெட்டிய வருடத்தையே, சில சமயம் பருவத்தையே சொல்லிவிடலாம். பச்சை மரத்தில் கட்டியதால் வீடும் அதற்கு ஓரிரு வருடத்துக்குள் எழுந்திருக்கும். பட்டை போய், பட்டைக்கு அடுத்திருக்கும் இளமரமான வெளிமரம் கொஞ்சம் மட்டும் இருந்தால், இங்கிலாந்து ஓக்கின் வெளிமரத்தில் 9 முதல் 41 வளையம் வரை இருக்கும் என்ற கணக்கில் ஒரு கால இடைவெளியைத்தான் தருவார்கள். ஒரே ஒரு மரத்தில் எடுத்த மாதிரி போதாது. கூரையில் சில, செருகிய தளத்தில் சில என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் முதல்முறை தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், மேற்கு சஸ்ஸெக்ஸில் சிங்கிள்டன் ஊரில் இருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கென்ட்டில் நீர்த்தேக்கம் வந்து மூழ்க இருந்த பேலீஃப் என்ற பண்ணை வீட்டைச் சட்டம் சட்டமாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, மேல்முனை அறைகள் ஒரு நூறு வருடம் பிந்தியவை. அந்த இரண்டும் சேரும் இடத்தை முதலில் நீங்களாகவே தேடிப் பாருங்கள், கண்டுபிடித்த பிறகு அங்கே இருப்பவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.